காற்று அளக்க நட்ட கொடிகள்

மனிதர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது, அவர்கள் மேல்மாடியிலேயே இருக்கிற வரைக்கும். விட்பெக் நகராட்சிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிற சர்வர் அறை என் ராஜ்யம். உள்ளே சர்வர்கள் இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் கத்தினாலொழிய யார் பேசினாலும் காதில் விழாது. அந்த வேலையில் எனக்குப் பிடித்த முதல் விஷயமே அதுதான்.

அந்த ராஜ்யத்துக்குத்தான் ஆபத்து வந்தது. நகராட்சிச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காபி ஊற்றிக் கொடுத்தார். அவர் கையால் காபி கொடுத்தால் யாருக்கோ வேலை போகப் போகிறது என்று அர்த்தம்.

"மெரெத்தெ, வெள்ளிக்கிழமை காப்பீட்டுக் கம்பெனிலேர்ந்து ஒருத்தர் வர்றார். ஒவ்வொரு ரேக்குக்கு முன்னாடியும் எவ்வளவு குளிர்காத்து வருதுன்னு அளப்பார். சரியா இருந்தா ஒண்ணும் பிரச்னை இல்ல. ஒரு இடத்துல குறைஞ்சாலும், கோடைக்குள்ள மெஷின் எல்லாத்தையும் ஓல்போர்ல இருக்கற பெரிய சென்டருக்கு அனுப்பிடுவோம்."

"மெஷின் போயிடும். நான்?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "உனக்கென்ன கவலை! வரவேற்பு மேசை காலியா இருக்கு. பாஸ்வேர்டு மறந்துட்டு வர்ற ஜனங்களுக்கு உதவி பண்ணலாம். நாலு பேரோட சிரிச்சுப் பேசலாம். ஜன்னல் வேற இருக்கு."

அதை அவர் நல்ல செய்தி மாதிரி சொன்னார். நாள் முழுக்க ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, "பெரிய எழுத்து ஒண்ணு போட்டீங்களா? எண் ஒண்ணு போட்டீங்களா?" என்று ஊரார் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்தாலே எனக்குக் கழுத்தில் அரிப்பு வந்துவிடும். அன்றும் வந்தது.

என் அறையில் ஒரு கோளாறு இருந்ததும் எனக்குத் தெரியும். தரை என்பது அங்கே உண்மையான தரை இல்லை. முழங்கால் உயரத்துக்குக் கம்பிக் கால்கள் நிறுத்தி, அதன் மேல் பலகைகளைப் பரப்பியிருக்கிறது. அறையின் கோடியில் இருக்கும் பெரிய ஏசி எந்திரம் குளிர்காற்றை அந்தத் தரைக்கு அடியில் தள்ளும். சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் ரேக்குகளுக்கு முன்னால் இருக்கும் பலகைகளில் மட்டும் துளைகள் உண்டு. காற்று அவற்றின் வழியே மேலே வரும், சர்வர்கள் அதை இழுத்துக்கொண்டு குளிரும். இதுதான் ஏற்பாடு. ஆனால் ஏசிக்குப் பக்கத்திலேயே நிற்கிற ரேக்குகள்தான் கொதித்துக்கொண்டிருந்தன. சாப்பாட்டு வரிசையில் அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் பட்டினி கிடக்கிற மாதிரி. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. புரியாததால் அஸ்கர் மேல் எரிந்து விழுந்தேன். அவன் என் உதவியாளன், முப்பது வயது, ஒட்டடைக் கம்பு மாதிரி உயரம், எதைச் சொன்னாலும் சிரிப்பான். எரிந்து விழ வசதியான ஆள்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் உள்ளே நுழைந்தால், தரை முழுக்கக் கொடிகள். சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட குட்டிக் குட்டிக் காகிதக் கொடிகள். பல் குத்தும் குச்சியில் ஒட்டி, பசை உருண்டையில் நட்டு, ஒவ்வொரு துளைப் பலகையிலும் ஒன்று.

"டேய், என்னடா இது?"

"காத்து பாக்கறதுக்கு!" என்றான் அஸ்கர், பெருமை தாங்காமல். "அவர் வந்து அளக்கறதுக்கு முன்னாடி நாமளே ஒரு தடவ பாத்துடலாம்ல? காத்து வந்தா கொடி மேல எழும்பி ஆடும். வரலன்னா தொங்கும்."

"நூல் கட்டக் கூடாதா? கிழிஞ்ச காகிதம் போடக் கூடாதா?"

"வீட்ல தேடினேன். இதுதான் கெடச்சுது."

அதை நம்பினேன். எங்கள் நாட்டில் டாய்லெட் காகிதம் தீர்ந்துபோன வீடு இருக்கும். பிறந்தநாள் மேசையில் நடுகிற நாட்டுக் கொடி தீர்ந்துபோன வீடு இருக்காது. அதுவுமில்லாமல், சொல்ல வாய் வரவில்லை, யோசனை நல்ல யோசனைதான். வாசல் பக்கம் இருந்த கொடிகள் புயலில் மாட்டிக்கொண்டது போலப் படபடத்தன. உள்ளே போகப் போக ஆட்டம் குறைந்தது. ஏசிக்குப் பக்கத்தில் இருந்த பலகைக்கு வந்து குனிந்து பார்த்தேன். அங்கே கொடி ஆடவும் இல்லை, தொங்கவும் இல்லை. தலைகீழாக மடங்கித் துளைக்குள் போகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அது உள்ள இழுக்குது," என்றான் அஸ்கர்.

"தெரியுது."

"காத்தைக் குடுக்க வேண்டிய ஓட்டை காத்தைத் திங்குது."

"தெரியுதுன்னு சொன்னேன்ல!"

அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை. வாசலில் ஹோல்கர் இருமினார். ஹோல்கர்தான் கட்டடக் காவலர். தினமும் காலையில் முன்புறக் கம்பத்தில் கொடி ஏற்றுகிறவர், மாலையில் பொழுது சாய்வதற்குள் இறக்குகிறவர். அதைத் தவிர அவர் செய்கிற வேலை எதையும் நான் பார்த்ததில்லை. அவருக்குப் பின்னால் சாம்பல் நிறக் கோட்டில் ஒரு மனிதர், கையில் ஒரு நீளப் பெட்டியோடு நின்றார்.

"தோர்கில்," என்றார் அந்த மனிதர். காப்பீட்டுக் கம்பெனிக்காரர். கை குலுக்கினார். அதோடு அவருடைய பேச்சு முடிந்தது. இப்படிப்பட்ட ஆளை வேறு ஒரு நாளில் சந்தித்திருந்தால் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

பெட்டிக்குள் இருந்தது காற்றளக்கும் கருவி. கம்பிச் சட்டத்தில் கட்டிய துணிப் பாவாடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் துளைப் பலகை மேல் கவிழ்த்தால், வருகிற காற்று முழுவதும் பாவாடைக்குள் ஏறி, இடுப்பில் இருக்கும் மீட்டர் வழியாகப் போகும். மீட்டர் எண் காட்டும். அறைக்குள் அதை விரிக்க இடமில்லாததால் வெளி நடையிலேயே விரித்தார். விரித்த பிறகு அது கதவில் நுழையவில்லை. நாலு பேரும் அதைச் சாய்த்து, திருப்பி, தலைக்கு மேல் தூக்கி உள்ளே கொண்டுவந்தோம். திரும்பக் கொண்டு போக வேண்டுமே என்று அஸ்கர் கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்துவிட்டான். எந்தக் காலத்திலும் திறந்து கிடக்காத கதவு அது.

ஹோல்கர் அப்போதுதான் தரையைப் பார்த்தார். அவர் முகம் கொடியின் நிறத்துக்குப் போனது.

"கொடிய யாரு தரையில வச்சது?"

"தரையில இல்ல, ஹோல்கர்," என்றான் அஸ்கர். "குச்சியில இருக்கு. குச்சிதான் தரையில இருக்கு."

"அங்க ஒண்ணு மண்டையக் கவுத்துக்கிட்டு இருக்கே! தரையத் தொடுது! அது நாட்டோட கொடி தம்பி, கைக்குட்டை இல்ல!"

"காகிதம் ஹோல்கர் அது."

"காகிதமா இருந்தா என்ன? காகிதத்துல உங்க அப்பா படம் இருந்தா அதைத் தரையில போடுவியா?"

இப்படிச் சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று ஏசிப் பக்கம் போய், அத்தனை பெரிய உடம்போடு குப்புறப் படுத்து, விழுகிற கொடியை இரண்டு விரலால் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். "நீங்க உங்க வேலையப் பாருங்க. நான் இதப் பாத்துக்கறேன்." எழுந்திருக்க மாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார். தோர்கில் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு பாவாடையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கத்துப் பலகைக்குப் போனார். எத்தனையோ சர்வர் அறைகளைப் பார்த்தவர் போலிருக்கிறது.

முதல் பலகையில் எண் எகிறியது. "நல்லாருக்கு," என்றார். அவர் பேசியது எனக்கே ஆச்சரியம். அடுத்ததும் நன்றாக இருந்தது. மூன்றாவது சுமார். நாலாவதில் அவர் மூக்கால் மூச்சு விட்டார். எனக்குக் கழுத்து அரிக்கத் தொடங்கியது. வரவேற்பு மேசையும் அதன் ஜன்னலும், ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்கிற ஊர் ஜனமும் கண் முன்னால் வந்தன.

இந்த நேரம் பார்த்து நடையில் ஒரு சைக்கிள் மணி அடித்தது. சைக்கிள் நிறுத்துமிடமும் எங்கள் அடித்தளத்தில்தான் இருக்கிறது. மழலையர் பள்ளிப் பிரிவில் வேலை பார்க்கும் லேர்கெ, தலைக்கவசத்தோடு கதவுக்குள் எட்டிப் பார்த்தாள். கொடிகளைப் பார்த்தாள். இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ! எங்களுக்குத் தெரியாமப் போச்சே!" என்று கத்திவிட்டு மாடிப்படியில் ஓடினாள்.

"என்ன தெரியாமப் போச்சு?" என்றேன் நான்.

அஸ்கரின் முகத்திலிருந்து சிரிப்பு போனதை நான் அன்றுதான் பார்த்தேன். "மெரெத்தெ, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. எல்லாரும் மேல கேன்டீன்ல ரொட்டி சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க. எல்லாரும்."

"அதுக்கு?"

"கொடி இருந்தா பிறந்தநாள்."

நான் கதவை மூட ஓடினேன். நாற்காலி சிக்கிக்கொண்டது. அதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு ஆள் இல்லை, இரண்டு ஆள் இல்லை. கட்டட அனுமதிப் பிரிவு, பூங்காப் பிரிவு, முதியோர் பிரிவு, சாலைப் பிரிவு, எல்லோரும் பாடிக்கொண்டே இறங்கி வந்தார்கள். முன்னால் கேன்டீன் யூத்தெ. எங்கள் ஊரில் எதை மறந்தாலும் மன்னிப்பு உண்டு. யூத்தெ இருக்கும் கட்டடத்தில் ஒரு பிறந்தநாள் மறக்கப்படாது. அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் சூடு பறக்கிற ரொட்டித் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நடு ரொட்டியில் மெழுகுவத்தி எரிந்தது.

"மெழுகுவத்தியா!" நான் அலறினேன். "புகை பட்டா தீயணைக்கற வாயு திறந்துக்கும்! எல்லாரும் செத்துப்போவோம்!" பாய்ந்து போய் ஊதினேன். எச்சில் ரொட்டி மேலெல்லாம் தெறித்திருக்கும். எல்லோரும் கைதட்டினார்கள். பிறந்தநாள்காரிதான் மெழுகுவத்தியை ஊத வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு.

பாட்டு மட்டும் நிற்கவில்லை. அதில் ஒவ்வொரு அடியிலும் ஒவ்வொரு வாத்தியத்தை வாசிப்பது போல நடிக்க வேண்டும். முப்பது பேர் ஊதுகுழல் ஊதிக்கொண்டே ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். வாசல் பக்கம் நெரிசல் தாங்கவில்லை. அங்கே இருந்த கொடிகள் மிதிபடாமல் அஸ்கர் அவற்றைப் பிடுங்கிக்கொண்டே பின்வாங்கினான். பிறந்தநாள்காரர் பெயரைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் பாட்டு ஒரு நொடி தடுமாறியது. யாருடைய பிறந்தநாள் என்று யாருக்கும் தெரியாது. கேட்பது மரியாதையும் இல்லை. பாதிப் பேர் "மெரெத்தெ" என்றார்கள், சிலர் "அஸ்கர்" என்றார்கள், பூங்காப் பிரிவுக்காரர்கள் சாம்பல் கோட்டுக்காரரைப் பார்த்துவிட்டு "நம்ம விருந்தாளி" என்று பாடினார்கள். சாலைப் பிரிவில் ஒருவர் தரையில் கிடந்த ஹோல்கரைக் காட்டி, "இவருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"ரொம்ப வயசாயிடுச்சு போல," என்றார் பக்கத்தில் இருந்தவர், டிரம் அடித்துக்கொண்டே.

நான் தோர்கிலைப் பார்த்தேன். அவர் பாவாடையைத் தூக்கி, இருப்பதிலேயே மோசமான பலகை மேல், ஹோல்கரின் மூக்குக்குப் பக்கத்தில், கவிழ்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் வந்தாலும் வெள்ளம் வந்தாலும் அளப்பதை நிறுத்தாத மனிதர். முடிந்தது என்று நினைத்தேன். ஜன்னலோரத்தில் ஒரு பூந்தொட்டி வைக்க வேண்டியிருக்குமோ என்று கூட யோசித்தேன்.

"எழுந்துடுச்சு!" என்று ஹோல்கர் கத்தினார்.

பாட்டு நின்றது. ஹோல்கர் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். "நான் பிடிக்கல! நான் விரலை எடுத்துட்டேன்! தானா எழுந்துடுச்சு!" பாவாடைக்குப் பக்கத்துப் பலகையில் அவர் காத்த கொடி நிமிர்ந்து நின்று சிறகடித்தது. ஹோல்கர் நெற்றியில் கை வைத்து வணக்கம் வைத்தார். அவர் வைத்ததைப் பார்த்துப் பின்னால் இருந்த நாலைந்து பேரும், எதற்கென்று தெரியாமல், வைத்தார்கள்.

தோர்கில் மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "இங்க காத்து வருது," என்றார். "நல்லா வருது."

"ஹுர்ரா!" என்று வாழ்த்துக் கோஷம் போட்டாள் யூத்தெ. எல்லோரும் மூன்று சின்ன ஹுர்ராவும் ஒரு பெரிய ஹுர்ராவும் போட்டார்கள். தோர்கில்கூட ஒரு கையை உயர்த்திவிட்டார். பாவாடை சரிந்து எண் குழம்பிப்போனது. பிறகு, "சரி சரி, மிச்ச ரொட்டி மேலதான் இருக்கு, வெண்ணெயும் மேலதான் இருக்கு, வாங்க எல்லாரும்," என்று யாரோ சொல்ல, கூட்டம் நகர ஆரம்பித்தது.

கொடி தலை கவிழ்ந்தது.

"போச்சு!" என்றார் ஹோல்கர், நாடே போன குரலில்.

அந்த நொடியில்தான் என் மண்டையில் ஏறியது. மெதுவாகத்தான் ஏறியது, ஆனால் ஏறியது. பிறந்தநாள் கூட்டம் நின்ற இடம் வாசல் பக்கம். அங்கே இருந்த துளைகளை அத்தனை பேரின் பாதங்களும் அடைத்துவிட்டன. அங்கே வீணாகக் கொட்டிய காற்று போக வழியில்லாமல் தரைக்கு அடியில் தேங்கி, ஏசிப் பக்கம் மேலே வந்திருக்கிறது. இத்தனை நாளாக எந்திரத்தைத் திட்டினேன், வடிகட்டியை மாற்றினேன், அஸ்கரைத் திட்டினேன். கோளாறு எதிலும் இல்லை. வாசல் பக்கத்து ரேக்குகளுக்கு முன்னால் தேவைக்கு மேல் துளை; காற்று அங்கே பாய்ந்தோடும் வேகத்தில் ஏசிப் பக்கத் துளைகள் வழியாக மேல் காற்றையும் உள்ளே இழுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

"யாரும் நகராதீங்க!" என்று கத்தினேன்.

எல்லோரும் நின்றார்கள். ஒரு காலைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார்.

"அந்தக் காலைக் கீழ வைங்க!" என்றேன். "இருந்த இடத்துலயே! நீங்க, சிவப்பு சட்டை, இன்னும் கொஞ்சம் இடது பக்கம். அந்தப் பலகை மேல. ரெண்டு காலும்!"

"ஏன்?" என்றார் சிவப்பு சட்டை.

இந்த மனிதர்களுக்கு நான் காற்றழுத்தத்தைப் பற்றி விளக்கினால், முதல் வாக்கியத்திலேயே பாதிப் பேர் ரொட்டி நோக்கி ஓடிவிடுவார்கள். எனக்கு அவர்களுடைய பாதங்கள்தான் வேண்டும். பாவாடையோ காத்துக்கொண்டிருக்கிறது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஏன்னா இன்னிக்கு எனக்குப் பிறந்தநாள்! இன்னொரு தடவ முழுசாப் பாடினாத்தான் விடுவேன்!"

நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை, வெளியே போகச் சொன்னதைத் தவிர. யூத்தெ என்னை உற்றுப் பார்த்தாள். கண்ணில் ஏதோ ஓடியது. பிறகு இரண்டு கையையும் தூக்கிக் கச்சேரி நடத்துகிறவள் மாதிரி சைகை காட்டினாள்.

"மொதல்லேர்ந்து! எல்லா வாத்தியமும்! யாரும் எடத்த விட்டு நகரக் கூடாது, பிறந்தநாள்காரி சொல்லிட்டா!"

பாடினார்கள். நான் நடுவில் ஓடி ஓடி ஆட்களைப் பலகை பலகையாக நிறுத்தினேன். தோளைப் பிடித்துத் திருப்பினேன். கட்டட அனுமதிப் பிரிவுத் தலைவியின் கணுக்காலைப் பிடித்து அரை அடி தள்ளி வைத்தேன். அவள் புல்லாங்குழல் வாசிப்பதை நிறுத்தவில்லை. ஹோல்கரின் கொடி எழுந்தது. அதற்கு அடுத்த கொடி எழுந்தது. அஸ்கர் கோடியில் நின்று, "வருது! வருது!" என்று குதித்தான்.

"குதிக்காதடா! நீயும் வாசல் பக்கம் வந்து ஒரு பலகை மேல நில்லு!"

தோர்கில் பாவாடையைத் தூக்கி, ஆள் நிற்காத பலகைகளை ஒவ்வொன்றாக அளந்து வந்தார். எல்லாம் சரி. ஒவ்வொன்றும் சரி. என் முன்னால் வந்து நின்றார். "எண் எல்லாம் சரியா இருக்கு," என்றார். "ஆனா இவங்க தினமும் இங்க நிப்பாங்களா?"

"எது வரைக்கும்?" என்றார் சிவப்பு சட்டை, சற்றுக் கவலையோடு.

என்னிடம் துளையில்லாத பலகைகள் கையிருப்பில் கிடையாது. வாங்க மாதக்கணக்காகும். சுற்றுமுற்றும் பார்த்தேன். இரண்டு பேர் இன்னும் அந்த ரொட்டித் தட்டுகளைத் தூக்கிக்கொண்டுதான் நின்றார்கள், பாவம், கை வலிக்க. பெரிய இரும்புத் தட்டுகள். பலகை அளவுக்குக் கிட்டத்தட்ட சரியாக இருக்கும்.

"யூத்தெ. உன் தட்டு."

"என் தட்டுக்கு என்ன?"

"அதுல ஓட்டை இருக்கா?"

"என் தட்டுல ஓட்டையா?" யூத்தெயின் குரல் உயர்ந்தது. "அடுப்புல வைக்கற தட்டுல எவளாவது ஓட்டை வச்சுக்குவாளா? யாரு சொன்னா உனக்கு?"

"அப்போ ரொட்டிய எடு. தட்டக் குடு."

ரொட்டிகள் கைமாறின. ஆளுக்கு ஒன்றிரண்டு பிடித்துக்கொண்டார்கள், சூடு பொறுக்காமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் தட்டிக்கொண்டே. சிவப்பு சட்டையை நகரச் சொல்லிவிட்டு அவர் நின்ற பலகை மேல் முதல் தட்டைக் கவிழ்த்தேன். அவர் விலகிய இடத்தில் காற்று ஒரு துளியும் வரவில்லை. ஏசிப் பக்கம் ஹோல்கரின் கொடி அசைந்துகொண்டே இருந்தது. அவ்வளவுதான். லேர்கெ சமையலறைக்கு ஓடி மிச்சத் தட்டுகளைத் தூக்கி வந்தாள். ஒரு ஆளை நகர்த்தி ஒரு தட்டு, இன்னொரு ஆளை நகர்த்தி இன்னொரு தட்டு. விடுதலையானவர்கள் யாரும் மேலே போகவில்லை. ஓரமாக நின்று, ரொட்டியை வெறுமனே கடித்துக்கொண்டு, "அங்க ஒண்ணு வைக்கலாம்," "இல்ல, அங்க வேணாம், அந்தக் கொடி சோந்துடும்," என்று ஆளாளுக்குக் கருத்துச் சொன்னார்கள். முதியோர் பிரிவில் ஒருவர் தோர்கிலோடு வாதாடவே ஆரம்பித்துவிட்டார்.

கடைசித் தட்டை வைத்தேன். கடைசி ஆள் இறங்கினார். பாவாடை தட்டில்லாத ஒவ்வொரு பலகையாக மறுபடியும் ஏறி இறங்கியது. கழுத்து முழுக்க அரித்தது, சொறியக்கூட இல்லை.

"எல்லா இடத்துலயும் போதுமான காத்து வருது," என்றார் தோர்கில். "புதுப் பலகை வர்ற வரைக்கும் தட்டு இருக்கட்டும். அறை இங்கயே இருக்கலாம்." பிறகு கொஞ்சம் யோசித்து, "பிறந்தநாள் வாழ்த்துகள்," என்று கை கொடுத்தார்.

பாவாடையை மறுபடியும் நாலு பேராகச் சாய்த்து வெளியே கொண்டுபோனார்கள். ஹோல்கர் கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தூசி தட்டி, சட்டைப் பையில் வரிசையாகச் செருகிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டுமாம், மணி பத்தரைதான் ஆகியிருந்தது. எல்லோரும் போன பிறகு யூத்தெ மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என் தட்டெல்லாம் உன் தரையில கெடக்குது. இனிமே நான் எதுல ரொட்டி சுடுறது? உன் தலையிலயா?"

"புதுசு வாங்கித் தரச் சொல்றேன்."

"சொல்லு, சொல்லு." அவள் நகரவில்லை. "உன் பிறந்தநாள் நவம்பர்ல. அதுவும் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் எதுக்கு அத்தனை வாத்தியமும் வாசிச்சே?"

"நீ இங்க இருக்கப் போறியா, ஓல்போர்க்காரன் மெஷினத் தூக்கிட்டுப் போயிடுவானான்னு மேல ஒரு வாரமா அதே பேச்சு. கீழ வந்து கேக்கலாம்னா நீ கடிச்சு வச்சுடுவே. கொடியைப் பாத்ததா லேர்கெ ஓடி வந்தா. சரி, ஒரு சாக்கு கெடச்சுதுன்னு எல்லாரும் எழுந்து வந்துட்டோம்." யூத்தெ தோளைக் குலுக்கினாள். "யாருக்குப் பிறந்தநாளா இருந்தா எங்களுக்கென்ன? வா. நீ இன்னும் ஒண்ணும் தின்னல."

அவளுக்குப் பின்னால் மாடி ஏறினேன். கேன்டீனில் எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். ரொட்டியில் பாதியில்தான் வெண்ணெய் தடவியிருப்பேன், லேர்கெ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இன்னும் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை.

"மெரெத்தெ, கோவிச்சுக்காத. என் பாஸ்வேர்டு மறந்துபோச்சு. திங்கட்கிழமைலேர்ந்து."

"பெரிய எழுத்து ஒண்ணு போட்டியா?" என்றேன், வாய் நிறைய ரொட்டியோடு.

"அது வேற போடணுமா?"

அவளுக்குப் பின்னால் சிவப்பு சட்டை நின்றார். அவருக்குப் பின்னால் கட்டட அனுமதிப் பிரிவுத் தலைவி. அவளுக்குப் பின்னால், கேன்டீன் வாசல் வரைக்கும், பூங்காப் பிரிவு முழுவதும். நான் வெண்ணெய்க் கத்தியைக் கையில் பிடித்தபடி ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஜன்னலுக்குப் பக்கத்தில், மதியம் வரைக்கும். கழுத்தில் அரிப்பே வரவில்லை. அதை நினைத்துத்தான் எனக்கு இன்னமும் எரிச்சலாக இருக்கிறது.